எங்கள் லயத்துக் கிணற்று விரால்

விரால் மீனுக்குப் பாம்புத் தலை. பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். முதுகு, பாசி பிடித்த கல்லின் கறுப்பு. வயிறு வெளுப்பு. விலாவில் யாரோ சாம்பல் கையால் இழுத்துவிட்டது போல் சாய்ந்த கோடுகள். கண் இரண்டும் மேல்பக்கமாக இருக்கும். அதனால் நீங்கள் கிணற்றுக்குள் குனிந்தால் அதுவும் நிமிர்ந்து உங்களையே பார்க்கிற மாதிரி இருக்கும். என்னைப் பார்க்கத்தான் மேலே வருகிறது என்று ஒன்றரை வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள். அவள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவள். என் பேச்சைத் துவைத்துக் காயப்போட்டு மடித்துத்தான் எழுதுவாள். பரவாயில்லை. மற்றவர்கள் பேசியதை மட்டும் அப்படியே எழுது என்று சொல்லியிருக்கிறேன். நான் மீனை விட்டுவிட்டு வேறு எங்காவது போனால் இழுத்துக்கொண்டு வா என்றும் சொல்லியிருக்கிறேன். அந்த இரண்டாவது வேலைதான் அவளுக்குக் கஷ்டம்.

எங்கள் தோட்டம் கூடலூர் மலையில், நெல்லியாளத்துக்கு இந்தப் பக்கம். சிலோனிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்களுக்காக வைத்த தேயிலை. நாங்கள் வந்தபோது செடி முழங்காலுக்குக் கீழே இருந்தது. இப்போது செடி இடுப்புக்கு வந்துவிட்டது, முழங்கால் போய்விட்டது.

பத்து வீடுகள் ஒரே வரிசையாக ஒரு லயம். லயம் மேட்டில், தண்ணீர் பள்ளத்தில். பாறையிடுக்கில் ஊறி வருகிற தண்ணீருக்கு ஒரு மூங்கிலைப் பிளந்து வைத்து ஒழுகவிட்டால் அதற்கு நாங்கள் பீலி என்று பெயர் சொல்வோம். சிலோன் பேச்சு அது. இந்த ஊர்க்காரர்கள் ஊத்து என்பார்கள். எந்தப் பெயர் சொன்னாலும் இறக்கம் இறக்கம்தான், ஏற்றம் ஏற்றம்தான். வெறுங்குடத்தோடு இறங்குவது பெரிய காரியமில்லை. நிறைகுடத்தோடு ஏற வேண்டும். வழியில் ஒரு பலா மரம், அதன் வேரில் ஒரு முறை குடத்தை இறக்கி மூச்சு வாங்குவேன். பிறகு வாசலுக்கு வந்து நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை வாங்குவேன். விடியுமுன் இரண்டு நடை. பிறகு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்துக்கு ஓட்டம். பகலெல்லாம் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு கொழுந்து. சாயந்தரம் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு மறுபடி இரண்டு நடை. அந்தக் காலத்தில் எனக்குக் கனவுகூட வந்ததில்லை. கனவு காணவும் கொஞ்சம் தெம்பு வேண்டும் அல்லவா.

வீட்டுக்காரருக்கு ஃபாக்டரியில் வேலை, இலை வாட்டுகிற மாடியில். அவர் தண்ணீர் தூக்க மாட்டார். அவர் மட்டும் என்றில்லை, பத்து வீட்டு ஆண்களும் தூக்க மாட்டார்கள். ஆம்பளை குடம் எடுத்தால் லயமே சிரிக்கும்.

ஒரு வேனிலில் லயத்தின் மேல்கோடியில் கிணறு வெட்டினார்கள். நான்கு ஆள் ஆழத்தில் தண்ணீர் வந்தது. அன்றைக்கு நான் பாறையில் தேங்காய் உடைத்தேன். என் வாசலிலிருந்து கிணறு முப்பது அடி. முப்பது அடி! சமதரை! முதல் நாள் தேவையே இல்லாமல் ஏழு குடம் இறைத்து வைத்தேன். வீட்டுக்காரர், "இதெல்லாம் எதுக்குடி, கல்யாணமா நடக்குது?" என்றார்.

அந்த வருடமே கக்கூஸும் கட்டினார்கள். அதுவரைக்கும் லயத்துக்குக் கீழே காட்டோரமாகத்தான் போய்க்கொண்டிருந்தோம். விடிகாலையில் அந்தப் பக்கம் யானை நிற்கும். அதனால் பெண்கள் எல்லோரும் சேர்ந்துபோய், கீழே வேண்டாம், மேலே கட்டுங்கள் என்று கேட்டோம். நானும் முன்னால் நின்று கேட்டேன். கிணற்றுக்கு மேலே, கொஞ்சம் தள்ளி, மேட்டில் குழி தோண்டிக் கட்டினார்கள். யானை பயம் தீர்ந்தது. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாத சங்கதி இல்லை. மழைத்தண்ணீர் ஓடும் என்று தெரியும். மண்ணுக்குள்ளும் ஓடும் என்று யாரும் நினைக்கவில்லை.

இனி மீன். புதுக்கிணற்றில் மீன் விட வேண்டும் என்பது என் மாமியார் சொல்லிக்கொடுத்த வழக்கம். புழு பூச்சியைத் தின்னும், கொசு முட்டையைத் தின்னும். அதைவிட முக்கியமாக, மீன் உயிரோடு இருந்தால் தண்ணீர் நல்ல தண்ணீர். "மீன் குடிக்கிற தண்ணிய மனுசன் கண்ண மூடிக்கிட்டுக் குடிக்கலாம்" என்பார். அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். ஆற்றில் துணி துவைக்கப் போனபோது கெண்டைக் குஞ்சு நாலைந்தைச் சேலையில் கோலி, தூக்குப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டு வந்து விட்டேன். கெண்டை அழகு மீன். வெள்ளிக்காசு மாதிரி மினுக்கும். வெயில் நேராகக் கிணற்றுக்குள் விழுகிற நேரத்தில் அடியில் பளிச் பளிச்சென்று திரும்பும்.

மழை தொடங்கியதும் அவை மேலே வந்தன. தண்ணீர்மட்டத்தில் வரிசையாக நின்று வாயைத் திறந்து திறந்து மூடின. பசிக்கிறது என்று நினைத்துச் சோற்றுப் பருக்கை போட்டேன். தின்னவில்லை. மூன்றாம் நாள் மல்லாந்து மிதந்தன. வாளியில் அள்ளி வாழைக்கு அடியில் புதைத்தேன். மழை விட்டதும் இன்னும் நாலு கொண்டுவந்து விட்டேன். அதுவும் போயிற்று. மூன்றாம் முறையும் போயிற்று.

அடுத்த வீட்டில் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரி ஒரு அக்கா இருந்தாள். லயத்தில் சிலோன் பேச்சு பேசாதவள் அவள் ஒருத்திதான். மரியாதையாகப் பேசியே மனுசியைக் கொல்லுவாள். நான் செத்த மீனை அள்ளுவதைப் பார்த்து அவள்தான் காரணம் கண்டுபிடித்துச் சொன்னாள்.

"ஏனுங்க, அது தாங்குமுங்களா? ஆத்துல வெயில்ல கெடந்த மீனுங்க. நம்மூட்டுக் கெணத்துத் தண்ணி ஐசு மாதிரி இருக்குது. உங்குளுக்கே குளுருக்குப் பல்லு கிடுகிடுங்குது, அதுக்குக் கம்பளியா போத்த முடியுமுங்க?"

எல்லோரும் சிரித்தோம். குளிர்தான் காரணம் என்று முடிவாயிற்று. முடிவு பண்ணியது வாயில்லை, கால். இப்போது யோசித்தால் அப்படித்தான் தெரிகிறது. தண்ணீரில் கோளாறு என்று சொன்னால் மறுபடி பீலிக்கு இறங்க வேண்டும். குளிர் என்று சொன்னால் இறங்க வேண்டாம்.

குளிர் தாங்குகிற மீன் வேண்டும் என்று தேடினேன். அந்த மாசி மாதம் எங்கள் பள்ளத்துக்கு அப்பால் இருந்த வயலில் அறுப்பு முடிந்து நிலம் காய்ந்து கிடந்தது. வயல்காரர் மடையோரத்தில் மண்வெட்டியால் கொத்திக்கொண்டிருந்தார். மேலே வெடித்த மண், கீழே பிசைந்த களி மாதிரிச் சேறு. அந்தச் சேற்றுக்குள்ளிருந்து கையை விட்டு முழங்கை நீளத்துக்கு ஒரு மீனை உருவி எடுத்தார். தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. மீன் துள்ளுகிறது!

"இது எப்புடிங்க உயிரோட இருக்கு?"

"வராலாக்கும். இதுக்குச் சாவே கிடையாது. மழை வர்ற வரைக்கும் இப்படியே கிடக்கும்."

நான் அதையே கேட்டு வாங்கினேன். ஈரச்சாக்கில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு வந்தேன். ஏற்றத்தில் என் தலைமேல் அது ஒரு தடவை புரண்டது. சேற்றுக்குள்ளேயே சாகாதவன் எங்கள் கிணற்றிலா சாகப் போகிறான் என்று எனக்கு ஒரே சந்தோஷம். என் புத்தியைப் பாருங்கள். தண்ணீர் நல்லதா என்று சொல்வதற்கு ஒரு மீன் தேடினேன். மூன்று தடவை மீன் செத்துச் சொல்லிவிட்டது. நான் அந்த மீனை விட்டுவிட்டு, எதுக்கும் சாகாத மீனாகப் பார்த்துக் கொண்டுவந்து விட்டேன்.

ஆனால் அந்த ஒன்றரை வருடம் எனக்கு நல்ல காலம், அதை மறைக்கக் கூடாது. விராலைப் பார்த்துக்கொண்டிருப்பது கொழுந்துக்கூடையை இறக்கி வைத்த மாதிரி. பகலில் கல்லோடு கல்லாகக் கிடக்கும். கால்நாழிகைக்கு ஒரு முறை, அவசரமே இல்லாமல், கீழிருந்து நேராக எழும்பி வந்து மூக்கை மட்டும் நீட்டும். 'ப்ளக்' என்று ஒரு சத்தம். உடனே திரும்பி இறங்கிவிடும். இறங்கும்போது இரண்டு குமிழி விடும். சோறு போட்டால் சட்டை செய்யாது. உயிருள்ளதுதான் அதுக்கு வேண்டும். தேயிலைச் செடியில் வெட்டுக்கிளியைப் பிடித்துச் சாக்கு நுனியில் முடிந்து கொண்டுவந்து போடுவேன். வெட்டுக்கிளி தண்ணீரில் கால் உதைக்கிற வரைக்கும் பார்க்கும். உதைத்ததும் ஒரே பாய்ச்சல். தவளை ஒன்று கிணற்றில் விழுந்தது, மறுநாள் அந்தத் தவளை இல்லை. லயத்துப் பிள்ளைகள் எல்லாம் கையில் ஏதாவது ஊர்வதைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் நிற்கும்.

மருமகள் பேனாவைத் தூக்கிப் பார்க்கிறாள். சரி, வருகிறேன்.

விரால் விட்ட இரண்டாம் வருட மழையில் நாலு வீட்டில் வயிற்றுப்போக்கு. தோட்டத்து மருந்துக் காம்பராவில் இருந்த கம்பவுண்டர் லயத்துக்கு வந்து, கிணற்றையும் மேட்டையும் பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணியைக் காய்ச்சிக் குடிங்க. முடிஞ்சா பழைய ஊத்துத் தண்ணியே எடுங்க" என்றார். அவர் போனதும் எல்லோரும் கிணற்றடியில் கூடினோம். மழையில் விறகு முழுக்க நனைந்து, சோறு பொங்கவே புகையோடு மல்லுக்கட்டு. அதில் குடிக்கிற தண்ணீரை யார் காய்ச்சுவது? பீலிப்பாதை வழுக்கிக் கிடக்கிறது.

நான்தான் பேசினேன். யாரும் பேசச் சொல்லவில்லை.

"அவரு மருந்து குடுக்கறவரு, தண்ணியப் பத்தி அவருக்கு என்னா தெரியும்? தண்ணி கெட்டிருந்தா மீனு செத்திருக்கணுமா இல்லையா? இந்தா பாருங்க, எப்புடி இருக்கு!"

சொல்லி வைத்த மாதிரி அது மேலே வந்து 'ப்ளக்' என்றது. எல்லோரும் கலைந்து போய்விட்டார்கள். எல்லோருக்கும் நிம்மதி. எனக்குத்தான் எல்லோரைவிடவும் நிம்மதி, அன்றைக்கு முழங்கால் அப்படி வலித்தது.

ஆடி கடைசியில் என் சின்ன மகளுக்குக் காய்ச்சல் வந்தது. பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் காலையில் வாசல் வெளிச்சத்தில் தலை வாரிவிடும்போது திரும்பி என்னைப் பார்த்தாள். கண்ணில் வெள்ளை இருக்க வேண்டிய இடம் மஞ்சளாக இருந்தது.

வீட்டுக்காரர் லீவு போட்டார். மழையில் பஸ் பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். மஞ்சக்காமாலை என்றார்கள். எண்ணெய் கூடாது, கறி மீன் கூடாது, படுத்தே இருக்க வேண்டும், தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்றார்கள். ஈரல் ரொம்பக் கெட்டிருக்கிறது, இதற்கு மேல் போகவிடாதீர்கள் என்று டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். வீட்டுக்கு வந்து கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தேன். தண்ணீர் கொடுத்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர். விரால் உயிரோடு இருக்கிற தண்ணீர்.

இரண்டு நாள் கழித்து மீன்காரர் வந்தார். கூடலூர்ப் பக்கத்து மலையாளி, ஸ்கூட்டரில் பெட்டி கட்டி மத்தி கொண்டுவருவார். இங்கே முஸ்லிம் பெரியவர்களைக் காக்கா என்று கூப்பிடுவார்கள். நான் சிலோன் பழக்கத்தில் நானா என்பேன். அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார்.

"இன்னிக்கு வேணாம் நானா. மகளுக்கு மஞ்சக்காமாலை."

"படச்சோனே! எந்தத் தண்ணி குடிக்கிறீங்க சேச்சி?"

"கிணத்துத் தண்ணிதான். தண்ணியில ஒண்ணும் இல்ல நானா. விரால் விட்டிருக்கேன், ஒன்றரை வருசமா உயிரோட இருக்கு."

அவர் ஸ்கூட்டரை நிறுத்தி, இறங்கி, என்னையே பார்த்தார்.

"தண்ணி நல்லதான்னு பாக்கறதுக்கு வராலையா போட்டீங்க? மழை பெய்யுதான்னு பாக்க எருமையக் கொண்டுபோய் வெளிய கட்டின கணக்கா ஆச்சே!"

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார்.

"மத்த மீனெல்லாம் தண்ணிக்குள்ளயே மூச்சு எடுக்கும். வராலுக்கு அது போதாது. மேல வந்து வாயால காத்தைக் குடிச்சிட்டுத்தான் போகும். மேல வரவிடாம வலையைப் போட்டு அமுக்கிப் பாருங்க, பன்னீருக்குள்ளகூட செத்துரும். மேல வரவிட்டா சாக்கடையிலயும் சுகமாக் கிடக்கும். புதுமழைக்கு ஒரு குளத்துல இருந்து இன்னொரு குளத்துக்குத் தரையிலயே நெளிஞ்சு போகும் சேச்சி, நான் ரோட்டுல பிடிச்சிருக்கேன். அதைப் போய் சாட்சிக்கு வெச்சிருக்கீங்க."

"அப்ப கெண்டை?"

"கெண்டை பாவம். தண்ணி கெட்டா மூச்சு கிடைக்காம வாயைப் பொளந்துக்கிட்டு மேல வரும். அப்புறம் மல்லாந்துரும்."

அவர் இன்னும் ஏதோ சொன்னார். குஞ்சு பொரித்தால் மிளகாய்ப்பழம் மாதிரிச் சிவப்பாக உருண்டையாகத் திரியும், தகப்பன் மீன் தின்னாமல் கொள்ளாமல் அதுக்குக் கீழேயே காவல் நிற்கும், கையை விட்டால் கடிக்கும் என்றெல்லாம். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். என் மனதில் வாழைக்கு அடியில் புதைத்த கெண்டைகள்தான் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

அவர் போனதும் கிணற்றடிக்குப் போனேன். அது மேலே வந்தது. 'ப்ளக்'. கீழே போயிற்று. என்னைப் பார்க்க வரவில்லை. மூச்சு வாங்க வந்தது. நிறைகுடத்தோடு ஏறி வந்து நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நான் வாங்குவேனே, அதே மாதிரி.

அடுப்படியில் இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்கு இறங்கினேன். எதிரே வந்தவர்கள் கேட்டார்கள். மகளுக்குப் பத்தியம், ஊற்றுத் தண்ணீர்தான் கொடுக்க வேண்டுமாம் என்றேன். பொய் இல்லை, முழு நிஜமும் இல்லை. இரண்டு நாள் அப்படியே ஓட்டினேன். சொன்னால் பத்து வீடும் மறுபடி மழையில் இறங்கி ஏற வேண்டும். யார் வாயால் கேட்டு இந்தத் தண்ணீரை நம்பினார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு அந்த முகங்களைப் பார்க்கத் தெம்பு இல்லை.

மூன்றாம் நாள் சாயந்தரம், கோயமுத்தூர் அக்கா கிணற்றடியில் பேத்தியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வயதுப் பிள்ளை. தலையில் ஊற்றிய தண்ணீர் முகத்தில் வழிய, நாக்கை நீட்டி நீட்டிக் குடித்தது. நான் குடத்தோடு ஏறி வந்துகொண்டிருந்தேன். அப்படியே குடத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

"அக்கா, அந்தத் தண்ணிய அதுக்குக் குடுக்காத. அது கெட்ட தண்ணி."

அவள் நிமிர்ந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கெண்டை செத்தது, விரால் பிழைத்தது, மீன்காரர் சொன்னது, இரண்டு நாளாக நான் சொல்லாமல் இருந்தது எல்லாம். சத்தம் கேட்டு மற்ற வீட்டுப் பெண்களும் வந்துவிட்டார்கள். அக்கா பிள்ளையைத் துண்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு, எப்போதும்போல மரியாதையாகவே கேட்டாள்:

"அப்ப ஏனுங்க, உங்க மீனு மூச்சு உடறதப் பாத்துட்டுத்தான் நாங்க அத்தனை பேரும் கக்கூசுத் தண்ணி குடிச்சமுங்களா?"

"ஆமாக்கா."

"ரெண்டு நாளா தெரிஞ்சும் சொல்லலீங்க."

"சொல்லல."

திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் திட்டவில்லை. பிள்ளையை இறக்கிவிட்டு, வாளியில் இருந்த தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, என் குடத்தைக் குனிந்து எடுத்தாள். என் வாசல் வரைக்கும் கொண்டுவந்து வைத்தாள். "உங்க புள்ளைக்கு நேரமாவுதுங்க" என்று மட்டும் சொன்னாள். பிறகு அவள் வீட்டுக்குப் போய் ஒரு வெறுங்குடத்தை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினாள். ஒவ்வொருத்தியாகப் பின்னால் இறங்கினார்கள். 

மகளுக்குக் காமாலை இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை என்று பதினைந்து நாள் போயிற்று. நகம், உள்ளங்கை எல்லாம் மஞ்சள். அவளுக்குக் கஞ்சி, மோர், துடைக்க வெந்நீர், துணி அலச என்று நாளைக்கு எட்டு நடை. ஒரு நாள் ஏழாவது நடையில் பலா வேரில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. குடத்தைக் கட்டிக்கொண்டு அப்படியே தூங்கிவிட்டேன். வீட்டுக்காரர் தேடி வந்து எழுப்பினார்.

அன்றைக்குத்தான் எனக்கு வாய் வந்தது. "ஆம்பளை மீனு தின்னாம கெடந்து புள்ளைக்குக் காவல் நிக்குதாம், நானா சொல்றாரு. நீங்க ஒரு குடம் தண்ணி தூக்குனா கொறைஞ்சா போயிடுவீங்க?"

 மறுநாள் காலையில் அவர் ஒரு மூங்கில் கம்பின் இரண்டு பக்கமும் மண்ணெண்ணெய் டின்னைத் தீய்த்துக் கழுவிக் கட்டி, காவடி மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். லயம் சிரித்தது. "முருகா, பழனிக்கா?" என்று ஒருத்தன் கூவினான். "இல்லடா, உங்க வீட்டுக்கும் சேத்துத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று நாள் சிரித்தார்கள். நாலாம் நாள் இன்னொரு வீட்டில் ஒரு காவடி கிளம்பியது. மாதம் முடிவதற்குள் ஆறு.

ஒரு காலையில் மகள் எழுந்து உட்கார்ந்து, "அம்மா, ஊறுகா இருக்கா?" என்று கேட்டாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. டாக்டரம்மா கண்ணைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இனி பயமில்லை என்றார். ஊறுகாய் மட்டும் ஆறு மாதத்துக்குக் கூடாது என்றார். பெரிய தேர்வுக்கு முன்னால் அவள் பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

கிணறு அப்படியே கிடந்தது. யாரும் வாளி விடவில்லை. விரால் மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தது. நான் குடத்தோடு கடந்து போகும்போதெல்லாம் அந்தச் சத்தம் கேட்கும். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. அதுமேல் கோபமா என்றால், அது என்ன செய்தது? அது எங்கேயாவது, நான் சாட்சி சொல்கிறேன் என்று சொன்னதா? புரட்டாசியில் ஒரு நாள் சாக்கு நுனியில் தானாகவே ஒரு வெட்டுக்கிளி தொற்றிக்கொண்டு வந்திருந்தது. அதைக் கொண்டுபோய்ப் போட்டேன். ஒரே பாய்ச்சல். பாவம், எவ்வளவு பசியோ.

பங்குனியில் தோட்டத்திலிருந்து ஆள் வந்து மேட்டுக் குழியை மூடி, கக்கூஸைப் பக்கவாட்டில் வெகுதூரம் தள்ளிக் கட்டினார்கள். கிணற்றை இறைத்துத் தூர் வாரினார்கள். அடிச்சேறு கறுப்பாக, கிட்ட நிற்க முடியாத நாற்றம். அந்தச் சேற்றுக்குள்ளிருந்து விராலைப் பிடித்து மேலே எறிந்தார்கள். வந்ததைவிட ஒன்றரை மடங்கு இருந்தது. மண்ணில் விழுந்து வாலை அடித்தது.

"பொய்ச்சாட்சி சொன்னதக் கொழம்பு வெச்சரலாமுங்களா?" என்றாள் கோயமுத்தூர் அக்கா. மாதக்கணக்கில் அவள் என்னோடு பேசிய முதல் வேடிக்கைப் பேச்சு அது.

"எந்தத் தண்ணியில வளந்துச்சுன்னு தெரிஞ்சுமா திங்கப்போற?"

அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் ஈரச்சாக்கில் சுற்றினேன். வெயில் தாழ்கிற வரைக்கும் வாசலிலேயே கிடந்தது, சாகவில்லை. மகளும் நானும் வயலுக்குக் கொண்டுபோய் மடைவாய்க்காலில் விட்டோம். ஒரு திரும்பு, அவ்வளவுதான். வண்டல் கலங்கியது மட்டும் தெரிந்தது. அடுத்த மழையில் அதே வாய்க்காலில் மிளகாய்ப்பழச் சிவப்பில் ஒரு பந்து குஞ்சு மிதந்ததைப் பார்த்தேன். கீழே ஒரு கறுப்பு நிழல் நின்றது. நம்ம மீன்தானா என்று மகள் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? எல்லா விராலுக்கும் ஒரே முகம்.

கிணற்றில் மறுபடி கெண்டை விட்டேன். முதல் மழைக்கு இரண்டு செத்தன. நாங்கள் பீலிக்கே போனோம். அடுத்த வருடம் ஒன்று செத்தது. மூன்றாம் வருடம்தான் ஒன்றும் சாகவில்லை. அதற்குப் பிறகு மீன் மேலே வந்தால் பீலி, மீன் அடியிலேயே இருந்தால் கிணறு என்று லயத்தில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. இப்போது குழாய் வந்துவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் வரும். மற்ற நாளுக்குக் கிணறுதான்.

மகள் திருப்பூரில் இருக்கிறாள், அவளுக்கே கல்யாண வயதில் பெண் இருக்கிறாள். மழைக்காலம் வந்தால் தினம் போன் பண்ணுவாள். சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்க மாட்டாள்.

"அம்மா, மீனு மேல தெரியுதா?"

"தெரியல."

"உங்க கண்ணுக்கு யானை நின்னாலே தெரியாது. பக்கத்து வீட்டு அக்காவப் பாக்கச் சொல்லுங்க."

அக்காவுக்கும் கண்ணில் புரைதான். இருந்தாலும் கூப்பிடுவேன். இருவரும் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிவோம். கீழே ஏதோ மினுக்குகிறது. மீனா, வெளிச்சமா, எங்கள் வெள்ளை முடியா என்று தெரியாது.

"ஒண்ணுந் தெரியிலீங்க," என்பாள் அவள். "குடிச்சுக்கலாமுங்க."

அவளுக்கும் கால் வலி. அந்தக் குரல் எனக்குத் தெரியும், அது ஒரு காலத்தில் என் குரல். நான் சின்னக் குடத்தை எடுத்துக்கொள்வேன். இப்போதெல்லாம் பலா மரம் வருவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்து போக வேண்டியிருக்கிறது. "உனக்கும் சேத்துக் கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டு, பக்கவாட்டில் கால் வைத்து மெதுவாகப் பள்ளத்தில் இறங்குவேன்.